‘அதியோஸ்’ மட்டும் போதாது: ஸ்பானிய மொழியில் விடைபெறும் முறைகள் – ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டுவிடுகிறார். சந்திக்கும்போது ‘ஓலா’, பிரியும்போது ‘அதியோஸ்’. முதல் சொல்லால் சிக்கல் எதுவும் வருவதில்லை. இரண்டாவது சொல்தான் கற்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் இணையவழி வகுப்பில் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் மிகுந்த மரியாதையோடு ‘அதியோஸ்’ என்று சொல்லிவிட்டுத்தான் இணைப்பைத் துண்டிப்பேன். கொலம்பியாவைச் சேர்ந்த ஆசிரியை ஒரு நாளும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னதில்லை. ‘நோஸ் பேமோஸ் எல் ஹுவேபெஸ்’, அதாவது ‘வியாழக்கிழமை பார்ப்போம்’ என்பார். சில நாள் வெறுமனே ‘ச்சாவோ, கே எஸ்தே பியேன்’, அதாவது ‘வருகிறேன், நலமாக இருங்கள்’ என்பார். அடுத்த வகுப்புக்கான நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும்போது ‘அதியோஸ்’ எதற்கு என்பது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆயிற்று.

இத்தனைக்கும் தமிழர்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டிய செய்தி. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொன்னால் பாட்டி திட்டுவார். ‘போய்விட்டு வருகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். பிரிவைச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே மீண்டும் வருவதையும் வைத்துவிடுகிற அதே பழக்கம்தான் ஸ்பானிய மொழியின் அன்றாட விடைபெறுதல்களில் பெரும்பாலானவற்றை நடத்துகிறது. மறுபடி எப்போது பார்ப்போம் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது. எதிரில் நிற்பவர் யார் என்பதும், நாம் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதும் அதற்குப் பிறகுதான். ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருப்பதால், இந்த மூன்றாவது கேள்வியையும் தள்ளிவிட முடியாது.

முதல் படி: நாக்கைப் பழக்குதல்

ஆங்கிலத்தின் வழியாகக் கற்பவர்களைவிடத் தமிழ் பேசுபவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. ஸ்பானிய மொழியின் தகரம் நாக்கு நுனி மேற்பல்லைத் தொட எழும் நம்முடைய தகரமே. ஆங்கிலத்தில் கேட்கும் டகரச் சாயல் அதற்குக் கிடையாது. ஆகவே ‘ஹாஸ்டா’ என்று சொல்லாமல் ‘அஸ்தா’ என்று சொல்ல வேண்டும். எழுத்தில் முன்னால் நிற்கும் ‘எச்’ ஒலிப்பதே இல்லை. ‘அதியோஸ்’ என்பதன் நடுவில் வரும் தகரம் ‘இதயம்’ என்பதில் வருவதைப்போல இளகி ஒலிக்கும். ‘லுவேகோ’ என்பதன் ககரம் ‘வேகம்’ என்பதன் ககரத்தைப் போன்றது. ‘மஞானா’ என்பதில் உள்ள ஞகரத்துக்காக ஐரோப்பியர் பலர் தனிப் பயிற்சி எடுக்கிறார்கள். ‘ஞாயிறு’ என்பதைத் திருத்தமாக உச்சரிப்பவருக்கு அந்தப் பயிற்சி தேவையில்லை.

ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். எழுத்தில் ‘வி’ இருந்தாலும் ஸ்பானிய வாயில் அது ‘பயம்’ என்பதில் வரும் பகரமாகவே ஒலிக்கும்; சொற்களுக்கு நடுவே வரும்போது உதடுகள் முழுதாக மூடாமல் இன்னும் இளகும். அதனால்தான் ‘நோஸ் வேமோஸ்’ என்று எழுதாமல் ‘நோஸ் பேமோஸ்’ என்று எழுதுகிறேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘நான் கிளம்புகிறேன்’ என்பதற்கு ஸ்பானிய மொழியில் ‘மே போய்’. முதல் முறை கேட்கும் தமிழருக்கு ‘போய்’ என்பது நம் சொல்லாகவே காதில் விழும். இரு மொழிகளுக்கும் இதில் உறவு எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனால் இதைக் கேட்டவர் அந்தச் சொல்லைப் பிறகு மறப்பதில்லை.

இரண்டாம் படி: கிளம்பப் போவதை உணர்த்துதல்

பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. பேச்சை நிறுத்திவிட்டு நேராக விடைபெறும் சொல்லுக்குத் தாவினால், அந்தச் சொல் எவ்வளவு சரியானதாக இருந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். முதலில் பேச்சு முடியப்போகிறது என்ற அறிகுறி வர வேண்டும். எல்லா நாடுகளிலும் செல்லுபடியாகும் அறிகுறி ‘புவேனோ’. ‘நல்லது’ என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் ‘சரி…’ என்று இழுத்துச் சொல்லி நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருக்கிறோமே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. ஸ்பெயினில் இதனோடு ‘புவெஸ் நாதா’ என்பதைச் சேர்ப்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அப்படியானால் ஒன்றுமில்லை’ என்று வரும். உண்மையில் ‘பேச வேண்டியதைப் பேசியாயிற்று’ என்பதே அதன் குறிப்பு.

அடுத்து ஒரு காரணம். ‘மே தேங்கோ கே இர்’ என்றால் ‘நான் போக வேண்டியிருக்கிறது’. இதைவிடப் பணிவானது, தொலைபேசியில் அதிகம் கேட்பது, ‘தே தேஹோ’. ‘உன்னை விட்டுவிடுகிறேன்’ என்று பொருள் தரும் இந்தத் தொடர், எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லாமல் உன் நேரத்தை உனக்குத் திருப்பித் தருகிறேன் என்ற தொனியில் வருவதால் எவரையும் புண்படுத்தாது. மரியாதைக்குரியவரிடம் பெண்ணானால் ‘லா தேஹோ’ என்றும், ஆணானால் ‘லோ தேஹோ’ என்றும் மாறும். ஸ்பெயினில் ஆணுக்கு ‘லே தேஹோ’ என்பதும் வழக்கம்.

மெக்ஸிகோவில் மேசையிலிருந்தோ கூட்டத்திலிருந்தோ எழுந்து செல்பவர் ‘கோன் பெர்மீஸோ’, ‘அனுமதியோடு’ என்பார். இருப்பவர்கள் ‘ப்ரோப்பியோ’ என்று பதில் சொல்வார்கள். இந்தப் பதில் தெரியாமல் புன்னகை மட்டும் செய்துகொண்டிருப்பது தவறில்லை. ஆனால் ஒருமுறை சொல்லிப்பாருங்கள், உள்ளூர்க்காரர் முகம் மலர்வது தெரியும்.

மூன்றாம் படி: ‘அஸ்தா’ குடும்பத்தைக் கைவசப்படுத்துதல்

‘அஸ்தா’ என்பதற்கு ‘வரை’ என்று பொருள். அரபு மொழி பேசியவர்கள் இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தில் பல நூற்றாண்டுகள் ஆண்டபோது அவர்களுடைய ‘ஹத்தா’ என்ற சொல் ஸ்பானிய மொழிக்குள் நுழைந்து இப்படி நிலைத்துவிட்டது. தமிழில் ‘நாளை வரை’ என்று ‘வரை’ பின்னால் வரும். ஸ்பானிய மொழியில் அது முன்னால் வந்து ‘அஸ்தா மஞானா’ ஆகிறது. இந்த ஓர் அமைப்பைப் பிடித்துக்கொண்டால், மனப்பாடம் செய்யாமலே எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கலாம். திங்கட்கிழமை பார்ப்போம் என்றால் ‘அஸ்தா எல் லூனெஸ்’. அடுத்த முறை பார்ப்போம் என்றால் ‘அஸ்தா லா ப்ரோக்ஸிமா’. விரைவில் பார்ப்போம் என்றால் ‘அஸ்தா ப்ரோன்த்தோ’.

இவை எல்லாவற்றிலும் அதிகம் உழைப்பது ‘அஸ்தா லுவேகோ’. ‘பிறகு பார்க்கலாம்’ என்பது சொற்பொருளாக இருந்தாலும், ஸ்பெயினில் அது ‘பிறகு’ என்ற வாக்குறுதியை ஏறத்தாழ இழந்துவிட்டது. மாட்ரிட் நகரத்து ரொட்டிக் கடை ஒன்றை எண்ணிப்பாருங்கள். காலையில் ஒருவர் உள்ளே வருகிறார், நீள ரொட்டி ஒன்றை வாங்குகிறார், சில்லறையை எடுத்துக்கொள்கிறார், கதவைத் தள்ளியபடியே திரும்பிப் பார்க்காமல் ‘அஸ்தா லுவேகோ’ என்று பொதுவாகச் சொல்கிறார். கடைக்காரப் பெண் பதில் சொல்கிறார். வரிசையில் நிற்கும், அவரை முன்பின் பார்த்திராத இருவரும் பதில் சொல்கிறார்கள். மின்தூக்கியில் மூன்று மாடி கூடவே வந்த அந்நியரும் இறங்கும்போது இதைத்தான் சொல்வார். மறுபடி பார்க்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். பதில் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக்குறைவு. வேகமான பேச்சில் முதல் அசை விழுங்கப்பட்டு ‘தாலுவேகோ’ என்று கேட்கும். லத்தீன் அமெரிக்காவில் இது சற்றே மரியாதையான, நடுநிலையான சொல். அலுவலகம், கடை, வாடகைக் கார் என எங்கும் பொருந்தும். எதைச் சொல்வது என்று குழம்பும் எந்தச் சூழலிலும் இதைச் சொன்னால் பழுது வராது.

‘அஸ்தா மஞானா’ அப்படியல்ல. அது சொன்ன சொல்லைக் காப்பாற்றும். நாளை உண்மையில் சந்திப்பவர்களிடம் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இருப்பவர்கள் படுக்கப் போகும் முன்பும் இதைச் சொல்வார்கள். வயதானவர்கள் ‘ஸி தியோஸ் கியேரே’, ‘கடவுள் சித்தமிருந்தால்’ என்று ஒரு வாலையும் சேர்ப்பதுண்டு.

‘அஸ்தா அஓரா’ ஸ்பெயினுக்கே உரிய நுட்பம். ‘இப்போது வரை’ என்று மொழிபெயர்த்தால் பொருளே வராது. இன்னும் சில நிமிடங்களில் மறுபடி பார்க்கப் போகிறோம் என்பதற்கான சொல் இது. சக ஊழியர் காப்பி வாங்கக் கீழே இறங்குகிறார், நண்பர் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்கிறார், அரை மணியில் உணவகத்தில் சந்திப்போம் என்று தொலைபேசியில் முடிவாகிறது. மூன்று இடத்திலும் இதுவே. மெக்ஸிகோவில் அன்றைக்கே பிறகு சந்திப்பதற்கு ‘அல் ராத்தோ’ என்பார்கள். அது அரை மணியா, ஆறு மணி நேரமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது கேட்பவர் பொறுப்பு.

மெக்ஸிகோவையும் மத்திய அமெரிக்காவையும் பற்றிப் பேசும்போது ஒரு பள்ளத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். அங்கே கடைக்காரர் ‘அப்ரிமோஸ் அஸ்தா லாஸ் நுவேபே’ என்றால், ஒன்பது மணி வரை திறந்திருப்போம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்பது மணிக்குத்தான் திறப்போம் என்பதே அவர் சொல்வது. விடைபெறும் தொடர்களில் இந்தக் குழப்பம் வராது. ஆனால் ‘அஸ்தா’வைக் கற்ற உற்சாகத்தில் காலை எட்டு மணிக்குப் பூட்டிய கடை வாசலில் நிற்க நேரலாம்.

உலகமெங்கும் தெரிந்த ‘அஸ்தா லா பிஸ்தா’வை அன்றாடப் பேச்சில் மிக அரிதாகத்தான் கேட்கலாம். (நம் காதில் விழும் பிஸ்தாப் பருப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, ‘பிஸ்தா’ என்பது இங்கே பார்வை.) 1991-இல் வந்த ‘டெர்மினேட்டர்’ இரண்டாம் படத்தால் புகழ்பெற்ற இந்தத் தொடரை, ஸ்பெயினுக்கான மொழிமாற்றத்தில் அப்படியே வைக்கவில்லை, ஸ்பானியர் காதுக்கு அதில் அந்நிய மிடுக்கு எதுவும் இராது என்பதால், ஜப்பானியச் சொல்லான ‘சயோனாரா’வைப் போட்டார்கள். கற்பவர் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பார். சிரிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் சொல்லலாம்.

இக்குடும்பத்தில் எச்சரிக்கையோடு தொட வேண்டிய இருவர் உண்டு. ‘அஸ்தா ஸியெம்ப்ரே’, ‘என்றென்றும் வரை’, இறந்தவருக்கும், நிரந்தரமாகப் பிரிபவருக்கும், ஓய்வுபெறும் விளையாட்டு வீரருக்கும் சொல்வது. சே குவேரா கியூபாவை விட்டுச் சென்றபோது 1965-இல் கியூபப் பாடகர் கார்லோஸ் புவெப்லா எழுதிய பாடலின் தலைப்பும் இத்தொடர்தான். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது இதைச் சொன்னால், வேலையை விட்டுவிட்டீர்களா என்று கேட்பார்கள். ‘அஸ்தா நூன்கா’ என்பது இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்பது. அது சண்டைக்கானது.

நான்காம் படி: நண்பர்களிடம் ‘நோஸ் பேமோஸ்’

‘நாம் ஒருவரையொருவர் பார்க்கிறோம்’ என்பதே இதன் நேர்ப்பொருள். நிகழ்காலத்தில் நின்றுகொண்டு எதிர்காலத்தைச் சொல்கிறது. ‘நாளைக்கு வருகிறேன்’ என்று நாம் சொல்வதும் இதே இலக்கணம்தான். எல்லா நாடுகளிலும் புழங்கும் இந்தத் தொடருக்குப் பின்னால் நாளையோ கிழமையையோ ஒட்டிக்கொள்ளலாம்: ‘நோஸ் பேமோஸ் மஞானா’, ‘நோஸ் பேமோஸ் எல் ஸாபதோ’. எதையும் ஒட்டாமல் விட்டால், எப்போது என்று சொல்லாத ‘அப்புறம் பார்க்கலாம்’. கொஞ்சம் சாதாரணமான தொனி என்பதால் நண்பர், உடன் படிப்பவர், சக ஊழியர் ஆகியோருக்கு ஏற்றது. வங்கி மேலாளரிடம் ‘அஸ்தா லுவேகோ’வே மேல்.

மெக்ஸிகோக்காரர்கள் இதோடு விளையாடுவார்கள். ‘அஈ நோஸ் பேமோஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ‘அஈ நோஸ் பீத்ரியோஸ்’ என்பார்கள். ‘பீத்ரியோஸ்’ என்றால் கண்ணாடிச் சில்லுகள். ‘பேமோஸ்’ போன்ற தொடக்க ஒலியைத் தவிர அதற்கு அங்கே நிற்க வேறு தகுதி கிடையாது. சற்றுப் பழைய நகைச்சுவைதான், இருந்தாலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் ‘பார்ப்போம்’ என்பதற்கு மாற்றாக ‘அப்லாமோஸ்’, ‘பேசுவோம்’ என்று முடிக்கலாம். பேச்சு முழுதாக முடியவில்லை, தொடரும் என்ற இதமான குறிப்பு அதில் உண்டு.

ஐந்தாம் படி: ‘ச்சாவோ’வும் அதன் அடிமைப் பிறவியும்

இத்தாலியிலிருந்து வந்த சொல் இது. வெனிஸ் நகரத்து வட்டார மொழியில் ‘அடிமை’ என்று பொருள்பட்ட சொல், ‘நான் உங்கள் அடிமை’ என்ற பணிவு வணக்கமாகி, தேய்ந்து தேய்ந்து இந்தக் குட்டிச் சொல்லாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெருந்திரளாக அர்ஜென்டினாவில் குடியேறிய இத்தாலியர்கள் இதைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். இன்று பியூனஸ் ஐரிஸில் ‘ச்சாவ்’ என்பதே விடைபெறுவதற்கான இயல்பான சொல். சிலி, கொலம்பியா, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் ‘ச்சாவோ’. பணிவைக் காட்டப் பிறந்த சொல் இப்போது சமமானவர்களிடையே மட்டும் செல்லும் சொல்லாகிவிட்டது. ஸ்பானிய மொழியின் பழைய கடிதங்களும் இதே பாதையில் வந்தவை. ‘தங்கள் கரத்தை முத்தமிடும் தங்கள் உண்மை ஊழியன்’ என்ற பொருளில் நீண்ட ஒரு சுருக்கெழுத்தைக் கையெழுத்துக்கு மேல் இடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று விடுப்புக் கடிதம் எழுதிய நமக்கு இதில் வியப்பு இருக்காது.

கவனிக்க வேண்டியது ஒன்று: இத்தாலியர் சந்திக்கும்போதும் இதைச் சொல்வார்கள், ஸ்பானிய மொழியில் பிரியும்போது மட்டும்தான். கொஞ்சிச் சொல்லும் வடிவங்களும் இதற்கு நிறைய உண்டு: சிலியில் ‘ச்சாஈத்தோ’, அர்ஜென்டினாவிலும் பெருவிலும் ‘ச்சாவ்ஸீத்தோ’. பெருவின் இளைஞர்கள் சீனர் வழிவந்த தங்கள் வறுத்த சோற்றின் பெயரையே எடுத்து ‘ச்சாவ்ஃபா’ என்று விளையாட்டாக விடைபெறுவதும் உண்டு.

ஆறாம் படி: ‘அதியோஸ்’ஸை அதன் இடத்தில் வைத்தல்

இந்தச் சொல்லைப் பற்றி இரண்டு தவறான கருத்துகள் உலவுகின்றன. எங்கும் எப்போதும் இதையே சொல்லலாம் என்பது ஒன்று. இனி வாழ்நாளில் சந்திக்காதவர்களிடம் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் மிகை. ‘கடவுளிடம் உன்னை ஒப்படைக்கிறேன்’ என்ற பழைய வாழ்த்துத் தொடரின் எச்சமான இந்தச் சொல், நெருங்கியவரிடம், தனியாக, இறங்கும் குரலில் சொல்லப்பட்டால் வறட்சியாகவோ முடிவாகவோ ஒலிக்கும் என்பது உண்மைதான். அதே சொல் ‘அஸ்தா லுவேகோ, அதியோஸ்’ என்று இன்னொன்றின் வாலாக வரும்போதோ, ‘அதியோஸ், அதியோஸ்’ என்று இரட்டித்து மேலேறும் குரலில் வரும்போதோ எந்தக் கனமும் இல்லாதது. கையசைக்கக் கற்கும் குழந்தைக்கு முதலில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

இதற்கு இன்னொரு பயன் உண்டு. கற்பவரை இதுதான் திகைக்க வைக்கும். ஸ்பெயினின் சிற்றூர்களிலும் கோஸ்தாரீக்கா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளிலும், தெருவில் எதிரே வரும் தெரிந்தவர் நடையை நிறுத்தாமலே ‘அதியோஸ்’ என்று சொல்லிக் கடந்துபோவார். வணக்கம் சொல்லாமலே விடைபெறுகிறாரே என்று மனம் நோக வேண்டாம். நின்று பேச இப்போது நேரமில்லை, ஆனாலும் உங்களைக் கண்டுகொண்டேன் என்பதே அதன் பொருள். சந்திப்பும் பிரிவும் ஒரே நொடியில் முடிவதால், ஒரே சொல்லால் இரண்டையும் நிறைவேற்றிவிடுகிறார்.

ஸ்பெயினுக்குள்ளேயே வேறு மொழிகள் பேசப்படும் பகுதிகளில், ஸ்பானிய மொழியில் உரையாடிவிட்டு விடைபெறும் சொல்லை மட்டும் உள்ளூர் மொழியில் சொல்வதும் உண்டு. பாஸ்க் பகுதியில் ‘அகூர்’, கட்டலோனியாவில் ‘அதேவ்’. அந்த ஒரு சொல்லைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு அங்கே தனி மதிப்பு.

ஏழாம் படி: ‘கே’ போட்டு வாழ்த்தி அனுப்புதல்

விடைபெறும் சொல்லோடு ஒரு வாழ்த்தும் சேர்ந்தால்தான் பிரிவு நிறைவு பெறுகிறது. இதற்கான கருவி ‘கே’ என்ற சிறு சொல்லும், அதற்குப் பின்னால் வடிவம் மாறி வரும் வினையும். இலக்கண நூல்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்துப் பல பக்கங்களுக்கு விளக்கும். தமிழில் ‘நடக்கட்டும்’, ‘இருக்கட்டும்’ என்று சொல்லத் தெரிந்தவர் இதைப் பாதி கற்றுவிட்டார். ‘கே தே பாயா பியேன்’: ‘உனக்கு நல்லபடியாகப் போகட்டும்’. சொல்லுக்குச் சொல் பொருந்துகிற மொழிபெயர்ப்பு இது.

‘தே’ என்பது ‘உனக்கு’. மரியாதைக்குரியவரிடம் ‘லே’ ஆகி ‘கே லே பாயா பியேன்’ என்று வரும். ‘தூ’, ‘உஸ்தேத்’ என்ற இந்த வேறுபாடு நம் ‘நீ’, ‘நீங்கள்’ போன்றதே என்றாலும், எல்லை எல்லா இடத்திலும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஸ்பெயினில் கடைக்காரரிடம்கூட ‘தூ’ சகஜம். கொலம்பியாவின் பல பகுதிகளில் நண்பர்களும் கணவன் மனைவியுமே ‘உஸ்தேத்’ சொல்லிக்கொள்வார்கள். ஐயம் வந்தால் மரியாதை வடிவத்தில் தொடங்குவது நல்லது. ‘நீ என்றே கூப்பிடு’ என்று அவர்களே சொல்வார்கள்.

இதே அச்சில் வார்த்த மற்றவை: ‘கே தேங்காஸ் புவேன் தீயா’, நல்ல நாளாக அமையட்டும், ‘கே தெஸ்கான்ஸெஸ்’, நன்றாக ஓய்வெடு, இரவில் பிரியும்போதும் களைத்தவரிடமும், ‘கே தே மெஹோரெஸ்’, உடம்பு தேறட்டும், நோயாளியைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது. இவற்றுக்கெல்லாம் ஒரே பதில் ‘இகுவால்மென்த்தே’, ‘உங்களுக்கும் அப்படியே’. நோயாளி மட்டும் அதைச் சொல்லிவிடக் கூடாது. அவருக்கு ‘க்ராஸியாஸ்’, ‘நன்றி’ போதும்.

உணவகத்தில் இதன் சுவையான ஒரு வகையைக் காணலாம். மெக்ஸிகோவில் சாப்பிட்டு முடித்து வெளியேறுபவர், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அடுத்த மேசைக்காரர்களை, அவர்கள் யாரென்றே தெரியாவிட்டாலும், கடக்கும்போது ‘ப்ரோபேச்சோ’ என்று வாழ்த்திவிட்டுப் போவார்; உண்டது உடலில் ஒட்டட்டும் என்பது போன்ற வாழ்த்து. ஸ்பெயினில் அதே பொருளில் ‘கே அப்ரோபேச்சே’.

‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்பதற்கு ‘க்வீதாத்தே’, மரியாதையாக ‘க்வீதேஸே’. அர்ஜென்டினாவில் அழுத்தம் நடு அசைக்குத் தாவி ‘க்விதாத்தே’ ஆகிவிடும். எழுத்தில் ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. ஆனால் காதுக்கு ஊரே மாறிவிடுகிறது.

வெனிசுவேலாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதும் தொலைபேசியை வைக்கும்போதும் பெற்றோரிடம் ‘பெந்திஸியோன்’, ‘ஆசி’ என்று கேட்பார்கள். ‘தியோஸ் தே பெந்தீகா’, ‘கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்’ என்ற பதில் வந்த பிறகே நகர்வார்கள். நாற்பது வயது மகனுக்கும் இதில் விலக்கு இல்லை. விருந்தினராகச் சென்றவர் இதைத் தானும் சொல்ல வேண்டியதில்லை, நின்று காத்திருந்தால் போதும்.

எட்டாம் படி: சொல்லோடு உடலும்

விருந்தில் பத்துப் பேர் இருந்தால், வாசலில் நின்று எல்லோருக்கும் பொதுவாகக் கையசைப்பது போதாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விடைபெற வேண்டும். ஸ்பெயினில் பெண்களுக்கிடையிலும் ஆண் பெண்ணுக்கிடையிலும் கன்னத்தோடு கன்னம் சேர்த்து இரண்டு முத்தம்; மெக்ஸிகோவிலும் சிலியிலும் ஒன்று; அர்ஜென்டினாவில் ஆண்களுக்கிடையிலும் ஒன்று. உதடு கன்னத்தில் படுவதில்லை, ஒலி மட்டும்தான். பழக்கமில்லாதவர் கையை நீட்டினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் சொல்லாமல் நழுவுவது கூடாது. அதற்கு ‘பிரெஞ்சு முறையில் விடைபெறுதல்’ என்று ஸ்பானியர் பெயர் வைத்திருக்கிறார்கள்; பிரெஞ்சுக்காரர்களோ அதே செயலை ‘ஆங்கிலேய முறை’ என்கிறார்கள்.

ஒன்பதாம் படி: எழுத்தில் முடித்தல்

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். அலுவல் மின்னஞ்சலை ‘உன் ஸலூதோ’ அல்லது ‘ஸலூதோஸ்’ என்று முடித்தால் எங்கும் பொருந்தும். விண்ணப்பத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் ‘அத்தென்த்தாமென்த்தே’. சில மடல்கள் பரிமாறிப் பழகிய பிறகு ‘உன் அப்ராஸோ’, ‘ஓர் அணைப்பு’ என்று எதிர்த்தரப்பு எழுதலாம். அதில் நட்பைத் தவிர வேறு உட்பொருள் இல்லை, ஆண்களும் ஆண்களுக்கு எழுதுவதுதான். ‘பேஸோஸ்’, ‘முத்தங்கள்’ என்பது குடும்பத்துக்கும் நெருங்கிய நட்புக்கும் உரியது. அதை நாமாகத் தொடங்காமல், வந்தால் திருப்பி எழுதுவது உசிதம்.

பத்தாம் படி: ஓர் அழைப்பை முடித்துப் பார்த்தல்

ஸ்பெயினில் இரு தோழிகள் தொலைபேசியில் பேசி முடிக்கும் கடைசி அரை நிமிடத்தை அருகிலிருந்து கேட்டால் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

– புவேனோ, புவெஸ் நாதா, தே தேஹோ. (சரி, அவ்வளவுதான், நீ வேலையைப் பார்.)

– பேங்கா, பாலே. (ம், சரி.)

– அப்லாமோஸ் மஞானா. (நாளைக்குப் பேசுவோம்.)

– ஸீ. ரெக்குவெர்தோஸ் ஆ து மாத்ரே. (ஆமாம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.)

– தே து பார்த்தே. (நீ கேட்டதாகச் சொல்கிறேன்.)

– பேங்கா, அஸ்தா லுவேகோ. உன் பேஸோ. (சரி, பார்க்கலாம். ஒரு முத்தம்.)

– உன் பேஸோ. அதியோஸ், அதியோஸ்.

– அதியோஸ்.

இதில் ‘பேங்கா’ என்பது ‘வரட்டும்’ என்ற வினை; விடைபெறும்போது அது ஒரு தள்ளு மட்டுமே, இருவரையும் முடிவை நோக்கி நகர்த்துகிறது. மெக்ஸிகோவில் அந்த வேலையை ‘ஆந்தாலே புவெஸ்’ஸும், அர்ஜென்டினாவில் ‘தாலே’யும் செய்யும். கடைசி ‘அதியோஸ்’கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, யார் குரல் எது என்று தெரியாமல் கலந்துவிடும். முதல் ‘பேங்கா’ கேட்டவுடன் இணைப்பைத் துண்டித்துவிடுபவர் கோபமாக இருக்கிறார் என்றே மறுமுனை எடுத்துக்கொள்ளும். ஆகவே தொடக்கத்தில் நீங்கள் முந்தவே வேண்டாம். அவர்கள் இரண்டாவது ‘அதியோஸ்’ சொல்லும் வரை காதிலிருந்து தொலைபேசியை எடுக்காதீர்கள்.